பழைய வீட்டை வாங்கித் திருத்த எத்தனை லட்சம் ஒதுக்க வேண்டும்?

கிளிநொச்சியில் வங்கி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: தன் சேமிப்பும் கனடாவில் இருக்கும் அண்ணன் தரும் பணமுமாகக் கையில் 60 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே பழைய வீடு ஒன்று 42 லட்சத்துக்கு வருகிறது. சண்டையில் கூரை போய், சில வருடம் திறந்து கிடந்து, பிறகு தகரம் போட்டிருக்கிறார்கள். இதைத் திருத்தி வாடகைக்கு விட ஆசை. சதுர அடிக்கு எவ்வளவு என்று பெருக்கித் திருத்தச் செலவை ஒதுக்கலாமா? ஆவணியில் காணி உறுதி எழுதி முடித்தால் தைப்பொங்கலுக்கு ஆள் வைக்க முடியுமா?

தம்பி, சதுர அடிக் கணக்கை நீங்கள் கேட்டிருந்தாலும் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். மிஞ்சும் 18 லட்சத்துக்குள் வேலை முடியுமா, முடியாது என்றால் அதை வாங்குவதற்கு முதலே எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். 2011 முதல் சில வருடங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுத்திட்ட வேலைகளைக் கட்டம் கட்டமாக அளந்து பார்க்கும் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். பிறகு பழைய வீடு திருத்துவதையே தொழிலாக்கிக்கொண்டேன். சுவர், கூரை, தண்ணீர் பற்றி நான் சொல்வது கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது. காணி, உறுதி பற்றிச் சொல்வதை மட்டும் உறுதி எழுதும் ஒரு நல்ல நொத்தாரிசிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குச் சரி. வெறும் நிலத்தில் எல்லாவற்றையும் நாமே போடுவதால் எவ்வளவு போகும் என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். பழைய வீட்டுக்கு அது உதவாது. ஒரே அளவான இரண்டு வீட்டில் ஒன்றுக்குக் கூரை மட்டும் போதும், மற்றதற்கு லிண்டலையே, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் கொங்கிரீட் விட்டத்தையே, உடைத்துப் போட வேண்டியிருக்கும். பழைய வீட்டுக்கு வழி ஒன்றுதான்: வாங்குவதற்கு முன் ஒரு முழுப் பகல் அந்த வீட்டில் நின்று, ஒவ்வொன்றாக அளந்து, ஒரு கொப்பியில் வேலை வேலையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையைக் கேட்டுப் போடுவது. அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். விலை பேசும்போதும் அதுதான் உங்களுக்குத் துணை. லிண்டல் மூன்று போய்விட்டது என்று காட்டிப் பேசினால் விற்பவரும் இறங்கி வருவார்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2014 இல் முதன்முதலாக ஒரு வீட்டை என் பொறுப்பில் எடுத்தேன். உங்கள் வீடு போலவே கூரை இல்லாமல் மூன்று மாரி நனைந்த வீடு. சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கூரையையும் நிலத்தையும் மட்டும் பார்த்து 8 லட்சம் என்று எழுதினேன். வேலை தொடங்கி மூன்றாம் நாள், குசினி ஜன்னலுக்கு மேலே மேசன் பூச்சைக் கொத்த, கை அகலத் துண்டு ஒன்று அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே கம்பி விரல் தடிப்புக்கு ஊதி, செம்பழுப்புப் பொருக்காக உதிர்ந்தது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் சுற்றியிருக்கும் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அந்த வீட்டில் ஒன்பது லிண்டலில் ஆறு அந்த நிலையில்தான் இருந்தன. முடிவில் 13 லட்சத்துக்கு மேல் போனது. வீட்டுக்காரர் நகை அடகு வைத்த அன்று நானும் கூடப் போனேன்.

அதனால் ஒரு சின்னச் சுத்தியலோடு போங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே, தூண்களின் அடியில், விறாந்தை பீமின் கீழ்ப்பக்கம் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கொங்கிரீட் இறுகிய சத்தம் தரும், பிளந்தது பானையைத் தட்டுவது போல் வெறுஞ்சத்தம் தரும். கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக வெடிப்பு இருந்தால் தட்டிப் பார்க்கவே தேவையில்லை. கூரை மரத்துக்குத் திருப்புளி. கைமரம், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், சுவரில் வந்து உட்காரும் இடத்தில் குத்துங்கள், நடுவில் குத்திப் பயனில்லை. கறையான் சுவர் வழியாக ஏறி அந்த நுனியில்தான் முதலில் வாய் வைக்கும். வைரம் பாய்ந்த பனைமரம் என்றால் திருப்புளி இறங்காது, அதை மாற்றவும் வேண்டாம். அப்படியான பழைய பனங் கைமரங்களைக் கழற்றி விறகு விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதுமரம் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். மனம் ஆறவில்லை.

வெடிப்பு எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் தலைமயிர் போல் ஓடுவது பெயின்றோடு போய்விடும். மூலையிலிருந்து சாய்வாகப் படிபடியாக இறங்கி, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் அத்திவாரம் அசைந்திருக்கிறது. களிமண் நிலத்தில் இது அதிகம். கோடையில் மண் சுருங்கி வெடித்துப் பிளக்கும், மாரியில் ஊதும். அது இன்னும் அசைகிறதா, எப்போதோ அசைந்து நின்றதா என்பதை ஒரு நாளில் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்படி ஒரு வெடிப்பு இருந்தால் அதற்கு விலை போட முயலாதீர்கள், வேறு வீடு பாருங்கள். முதல் வீட்டிலேயே அத்திவாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கிணற்றைப் பார்க்கப் போவதற்கு ஆடி ஆவணி நல்ல காலம், தண்ணீர் ஆக இறங்கும் நேரம் அதுதான். குளத்தின் கீழ் இருக்கும் காணி என்றால் குளம் நிரம்பியிருக்கும்போது கிணறும் நிரம்பித்தான் நிற்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலகுழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இருக்கிறதா என்று நாடா பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்துக் காணியின் மலகுழியையும் சேர்த்துத்தான். குறைவாக இருந்தால் புதுக் குழி வெட்டும் செலவு பட்டியலில் ஏற வேண்டும். அயலவரிடம் 2018 மார்கழி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அன்று தண்ணீர் ஏறிய வீட்டுக்காரர் சுவரில் கை வைத்தே காட்டுவார். வாடகைக்கு வருபவர் இப்போது தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கடினம், கேத்திலில் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் புளோரைட், சிறுநீரக நோய் என்று சனம் பயந்திருக்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுப்பதற்கும், தேவையென்றால் ஒரு வடிகட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

அளவு எடுப்பதில் புதியவர்கள் தவறும் இடம் கூரை. 30 அடிக்கு 24 அடி வீடு, 720 சதுர அடி என்று சொல்வார்கள். அதையே கூரைக்கும் எழுதினால் கையைச் சுடும். நான்கு பக்கமும் இரண்டரை அடி தாழ்வாரம் விட்டால் அது 35 க்கு 29, அதாவது 1,015 சதுர அடி. ஓட்டுக் கூரையின் சாய்வுக்கு ஏறத்தாழ 15 வீதம் கூட்டினால் 1,170 வரும். 720 எங்கே, 1,170 எங்கே. கூரைக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் பணம் வேண்டும் என்பது இந்த ஒரு பெருக்கலில் தெரிந்துவிடும். சுவருக்கு 16 அங்குல நீளம் 8 அங்குல உயரக் கல் என்றால் நூறு சதுர அடிக்கு, அதாவது ஒரு சதுரத்துக்கு, 112 கல். உடைவுக்குச் சேர்த்து 118 என்று எழுதுங்கள். பூச்சு அரை அங்குலம் என்றால் ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ ஒரு பை சீமெந்து. ஆனால் பழைய சுவர் நேராக நிற்காது. பள்ளத்தை நிரப்பி நேராக்க முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று போகும், சீமெந்தும் அதே கணக்கில் ஏறும். நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூச்சுக்கு விலை பேச வேண்டும். மணலையும் சல்லியையும் கியூப் கணக்கில் விற்கிறார்கள், ஒரு கியூப் நூறு கன அடி. பெட்டியின் நீளம் அகலம் உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள், லோட் கணக்கில் வாங்காதீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே மணல் வாங்குங்கள். களவு மணல் பாதி வழியில் பிடிபட்டால் உங்கள் மேசனுக்கு அன்று வேலை இல்லை, சம்பளம் மட்டும் உண்டு.

விலைகளை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. 2021 இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்ற சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த வருடம் பாதியில் நின்ற வீடுகள் இன்னும் சில அப்படியே நிற்கின்றன. நீங்கள் பட்டியலோடு மூன்று கடைக்குப் போய், இந்த விலை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டு, திகதியோடு எழுதி வாங்குங்கள்.

இனி உங்கள் 18 லட்சம். அது 18 அல்ல. காணி கைமாறும்போது அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை பெறுமதியில் நூற்றுக்கு நான்குக்குக் கிட்ட வரும். அதோடு நொத்தாரிசு கட்டணம், நில அளவையாளர், பதிவு எல்லாம் சேர இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் என்று வையுங்கள். மிச்சம் 15 லட்சத்து 50 ஆயிரம். இதில் எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு வைப்பது? நான் புது வேலைக்கு 10 வீதம் வைப்பேன், சாதாரணப் பழைய வீட்டுக்கு 20, கூரையில்லாமல் மழை குடித்த வீட்டுக்கு 25. இது எந்தப் புத்தகத்திலும் எடுத்ததல்ல, என் கொப்பிகளைத் திருப்பிப் பார்த்து வந்த எண். பட்டியலுக்கு மேல் 25 வீதம் என்று வைத்தால், நீங்கள் எழுதும் வேலைப் பட்டியலின் கூட்டுத்தொகை 12 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டு விலை இறங்க வேண்டும், அல்லது வேலையில் ஒன்று குறைய வேண்டும். இரண்டும் முடியாதென்றால் அந்த வீடு உங்களுக்குரியதல்ல. ஒதுக்கிய அந்த 25 வீதத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். நல்ல கதவைக் கண்டதும் அதில் கை வைக்க மனம் வரும்.

எந்த வேலையைக் குறைப்பது என்பதை வாடகைதான் சொல்லும். ஒரு பேச்சுக்கு, எல்லாம் முடிந்து 60 லட்சம் போய், மாதம் 30,000 வாடகை வருகிறது என்று வைப்போம். வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஒரு மாதம் காலியாக இருக்கும், ஒரு மாத வாடகை சில்லறைத் திருத்தத்துக்குப் போகும். கையில் நிற்பது 3 லட்சம், போட்ட பணத்துக்கு 5 வீதம். நீங்கள் வங்கியில் இருப்பவர், நிலையான வைப்பு என்ன தருகிறது என்று உங்களுக்கே தெரியும். வைப்பை விடக் குறைவாக வந்தால், காணி விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறீர்கள் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். ஏறும் என்று நானோ தரகரோ உறுதி சொல்ல முடியாது. இதே கணக்கை ஒவ்வொரு வேலைக்கும் போடுங்கள். 3 லட்சம் போட்டு இரண்டாவது குளியலறை கட்டினால் வாடகை 2,500 கூடுமா? அப்படியென்றால் வருடத்துக்கு 30,000, பத்து வீதம், நல்ல வேலை. நன்றாக இருக்கும் சிவப்புச் சீமெந்து நிலத்தைக் கொத்திவிட்டு டைல்ஸ் போட்டால் வாடகை எவ்வளவு கூடும்? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் இருந்த அதன் வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியானது. இவற்றின் மாணவருக்கும் ஆசிரியருக்கும் வேண்டியது அறைக்கொரு மின்விசிறி, தாராளமான பிளக் பொயின்ற், காயாத தண்ணீர்த் தாங்கி. குடும்பத்தோடு மாற்றலாகி வரும் அரச உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான மதில், படலை. யாருக்கு விடப்போகிறோம் என்று தெரியாமல் பட்டியல் எழுத முடியாது.

கையில் உள்ள பணத்துக்கு மேல் வேலையைப் பெருக்கினால் என்ன ஆகும் என்ற பாடம் வன்னியில் எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது. ஏறத்தாழ 550 சதுர அடிக்குப் போட்ட கணக்கு அது. வாழ்நாளில் ஒரு முறைதானே என்று எத்தனையோ பேர் அத்திவாரத்தைப் பெரிதாக வெட்டினார்கள். ஆசை பிழையில்லை, முகாமில் இருந்து வந்த சனம் அது. ஆனால் அத்திவாரத்தில் விட்ட பணம் கூரையில் இல்லாமல் போனது. கதவில்லாத வீட்டில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, வட்டிக்கு வாங்கிய காசைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாமார் வீட்டுக்கு நான் அளவு நாடாவோடு போய் நின்றிருக்கிறேன். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்த கட்டப் பணம் என்ற முறை. உங்கள் வேலையிலும் அதையே வையுங்கள். கூலியைக் கொந்தராத்தாகப் பேசி, சாமானை நீங்களே வாங்குங்கள். முற்பணம் 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வேலையும் முடிய முடியக் கொடுங்கள். கூரை வேலையில் கடைசி 10 வீதத்தை ஒரு பெரிய மழை பெய்து முடியும் வரை வைத்திருங்கள், இதை முதலிலேயே சொல்லி எழுதிக்கொண்டால் எந்த நல்ல மேசனும் கோபிக்கமாட்டார். அன்று எத்தனை பை போனது என்று தெரிய, பின்னேரம் போகும்போது வெறும் சீமெந்துப் பைகளை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள்.

காணிப் பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வன்னியில் பெருவாரியான காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரம் மட்டும் கொடுத்த காணி, விற்கக் கூடியதல்ல. அரசு அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல ஒப்புதல் முதலிலேயே இல்லாமல் கைமாற்ற முடியாது. “நொத்தாரிசு முன் ஒரு கடிதம் எழுதினால் போதும்” என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வீட்டில் நீங்கள் போடும் ஒவ்வொரு கல்லும் இன்னொருவரின் காணியில் போடும் கல். உறுதிக் காணி, அதாவது தனியாருக்குச் சொந்தமான காணி, என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடல் செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் அற்றோணித் தத்துவத்தை, அதாவது அவர் சார்பில் கையெழுத்திடக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, வைத்து விற்கிறார்கள் என்றால் உரியவரோடு நேரில் முகம் பார்த்துப் பேசுங்கள். இன்னொன்று, உங்கள் அண்ணன் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. பணம் அவருடையது, பெயர் உங்களுடையது என்று வந்தால் அதை இருவரும் இப்போதே எழுத்தில் பேசி முடியுங்கள், பிறகு மனக்கசப்பு வரக் கூடாது. வீட்டைப் பெரிதாக்குவதென்றால் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும்.

மலகுழியோ மதில் அத்திவாரமோ வெட்டும்போது இனந்தெரியாத இரும்பு எதுவும் மண்வெட்டியில் பட்டால் வேலையை அப்படியே நிறுத்தி, எல்லோரையும் விலக்கி, பொலிசுக்கு அறிவியுங்கள். முன்பு போர்முனையாக இருந்த முகமாலையில் இத்தனை வருடமாகக் கண்ணிவெடி அகற்றியவர்களைப் பார்த்த நாங்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

சரி, தைப்பொங்கல். முடியாது என்றே சொல்வேன். ஆவணிக் கடைசியில் உறுதி முடிந்தால் புரட்டாதி முழுக்கக் கூரைக்கும் லிண்டலுக்கும் கொடுங்கள். அதே மாதம் காலபோக நெல் விதைப்பும் தொடங்கும், உதவியாட்கள் வயலுக்குப் போவார்கள். ஆட்களை ஆடியிலேயே பேசி வையுங்கள். ஐப்பசி நடுப்பகுதிக்குள் கூரை மூட வேண்டும். மாரி இறங்கிய பிறகு வெளிப்பூச்சைத் தொடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீட்டுக்குள் ஒரு வாளியும் சோக்கட்டியுமாக நின்று எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் ஏறுகிறது என்று வட்டம் போட்டு வையுங்கள். அந்த இரண்டு மாதத்தில் வயரிங்கும் குழாயும் உள்ளே ஓடட்டும். தை முடிய வெளிப்பூச்சு, பூசிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். மாசி பங்குனியில் அறுவடை, அப்போதும் ஆட்கள் குறைவு. பெயின்றுக்காரர் இருவர் இருந்தால் போதும், சுவரும் அதற்குள் காய்ந்திருக்கும். ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் இரண்டு மாதத்தில் கொப்பளித்து உரியும், அந்தச் செலவை மீண்டும் செய்ய வேண்டாம். சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு ஆள் வைப்பதாகக் கணக்குப் போடுங்கள். அதுவரை வாடகை வராது என்று உங்கள் மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.